துடைத்து வைத்த வாய்க்கால்

பாரிஸில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் கணக்கில் அது வெளிநாட்டுப் பயணம். என் கணக்கில் அது அக்கா வீட்டுக்குப் போய்வருவது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

நான் காரைக்கால்காரி, தருமபுரத்தில் பிறந்தவள். அப்பா பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். அவர்கள் கப்பலேறிய பிறகும் அவர்களுடைய குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்டார். அந்தப் புண்ணியத்தில் நான் பாரிஸுக்குப் போய், ஏழை நாடுகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கும் ஒரு நிதி நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தேன். அக்கா ரீத்தா அதற்கு முன்பே நெரவிக்குக் கிழக்கே ஒரு விவசாயி வீட்டில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள்.

எழுபதுகளின் கடைசி அது. அதற்குச் சில வருடங்களுக்கு முன் அடித்த புயல், அக்கா ஊர்ப்பக்கத்து வடிகால் வாய்க்கால் கடலில் சேரும் இடத்தில் இருந்த மதகைப் பெயர்த்து எறிந்திருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒரே கதைதான். வாய்க்கால் வாயைக் கடல் மணல் அடைத்துக்கொள்ளும், மழைத்தண்ணீர் வடியாது, நட்டு வேர்பிடித்த சம்பாப் பயிர் தண்ணீருக்குள் கிடந்து அழுகும். புது மதகு கட்டவும் வாய்க்காலை ஆழப்படுத்தவும் பாண்டிச்சேரி அரசாங்கம் டில்லி வழியாக எங்கள் நிறுவனத்திடம் கடன் கேட்டிருந்தது. நேரில் பார்த்து முடிவு சொல்ல என் மேலதிகாரி முசே ரெனார் கிளம்பினார். அவருக்குத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது.

நான் அவரிடம் ஒளிக்கவில்லை. "என் அக்கா குடும்பத்தின் வயல் அந்த வாய்க்கால் ஓரத்தில்தான் இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"வாருங்கள். ஆனால் அங்கே நீங்கள் வெறும் குரல். அவர்கள் சொல்வதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் கருத்து எனக்கு வேண்டாம். நீங்கள் ஏதாவது சேர்த்தீர்கள் என்று தெரிந்தால் அந்தத் திட்டத்தையே நான் நம்ப மாட்டேன்" என்றார்.

நியாயமான மனிதர்தான். ஆனால் நியாயமானவர்களோடு பயணம் போவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

*

காரைக்கால் எல்லையில் எங்களுக்காகக் காதர் பாயின் அம்பாசடர் காத்திருந்தது. முன் இருக்கையில் நிதித்துறை அதிகாரி சுந்தரேசன். பாண்டிச்சேரியிலிருந்து இதற்காகவே வந்தவர், சட்டைக் கையை மடக்காத மனிதர். பிரெஞ்சு ஓரளவு புரியும், பேச வராது. அதாவது நான் எதையாவது திரித்துச் சொன்னால் கண்டுபிடிக்க இரண்டு காது தயாராக இருந்தது.

எதிர்ப்பக்கம் வண்டிகள் வரிசையாக நிற்க, போலீஸ்காரர்கள் ஒவ்வொரு பையாகக் குடைந்துகொண்டிருந்தார்கள். ஒரு கல்யாண கோஷ்டியின் தாம்பாளத்தைக்கூட விடவில்லை. ரெனார் எட்டிப் பார்த்து, "அந்தப் பக்கம் எந்த நாடு?" என்று கேட்டார்.

"அந்தப் பக்கமும் இந்தியாதான். ஆனால் அங்கே மதுவிலக்கு. இங்கே கடை உண்டு. இங்கிருந்து பாட்டில் போகிறதா என்று பார்க்கிறார்கள்."

"அப்படியானால் இந்த அரசாங்கத்தின் வருமானத்தில் நல்ல பங்கு அடுத்த மாநிலத்தின் சட்டத்திலிருந்து வருகிறது" என்றார் ரெனார். அதை நான் தமிழில் சொல்வதற்குள் சுந்தரேசனின் கழுத்து சிவந்துவிட்டது. பயணம் நன்றாக ஆரம்பித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பாதி வழியில் வண்டி கொதித்து நின்றது. காதர் பாய் டீக்கடையில் குவளை வாங்கித் தண்ணீர் ஊற்றினார். பின்கதவு இரண்டும் கயிற்றில் கட்டியிருந்ததால் நாங்கள் இறங்க வழியில்லை. உள்ளேயே வெந்துகொண்டிருந்தபோது அவர் ஒரு பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். சூடான வாடா, எங்கள் ஊர் அரிசிமாவுப் பலகாரம். மேலே ஓர் இறால் முழுசாக ஒட்டிக்கொண்டிருந்தது. ரெனார் ஒன்றைக் கடித்து, கண்ணை மூடி, இரண்டாவதைத் தாமாகவே எடுத்துக்கொண்டார். வயிறு கெட்டால் என் தலைதான் உருளும் என்று பயந்தேன். அவர் வயிறு கல்லுக்குண்டு மாதிரி இருந்தது, என்னுடையதுதான் மறுநாள் காலைவரை படுத்தியது.

சாயங்காலம் அனுமதி வாங்கிக்கொண்டு தனியாக அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். எங்கள் வீட்டில் நான் எப்போதும் உட்காருவது அடுப்படி நிலைப்படியில். அவளோ என்னை நாற்காலியில் உட்காரவைத்து எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொடுத்து, எதிரில் நின்றாள்.

"எப்படிக்கா இருக்கீங்க எல்லாரும்?"

"எங்களுக்கென்ன, மாதா புண்ணியத்துல ஒரு குறையும் இல்ல."

"போன வருஷம் வெளைச்சல்?"

"அது பாட்டுக்கு இருக்கு. நீ பலகாரம் எடுத்துக்க."

உள்ளே உலை கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனை எனக்குத் தெரியும், ரேஷன் அரிசி. வயல் வைத்திருக்கிற வீட்டில், நெல் விற்கிற வீட்டில், ரேஷன் அரிசி பொங்குகிறது. அக்கா நான் மூக்கை உறிஞ்சியதைப் பார்த்துவிட்டுப் போய் அடுப்படிக் கதவைச் சாத்தினாள். எனக்குக் கோபம் வந்தது. கூடப்பிறந்தவளிடமே கதவைச் சாத்துகிறாளே என்று. சண்டை போட்டிருப்பேன், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு யாரும் சண்டை போட முடியாது.

திரும்பும்போது காதர் பாய் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "சொல்லலாமான்னு தெரியலம்மா. ஒங்க அத்தான் நெலத்துக்கு ஆள் பாத்துக்கிட்டு இருக்காங்க. எங்க மச்சான் சவூதிலேர்ந்து வந்திருக்கான்ல, அவன்ட்டயே கேட்டாங்க. ரெண்டு வருஷமா பயிரு போயிடுச்சு. இந்த வருஷமும் போச்சுன்னா தையில வித்துடுறதா பேச்சு. மதகு வந்துடும்னா விக்க மாட்டாங்க."

ஆக, நான் மொழிபெயர்க்க வந்தது ஒரு அரசாங்கத்தின் கடனை அல்ல, அக்காவின் நிலத்தை. அன்றிரவு அரசினர் விடுதியில் ரொட்டியும் ஆம்லெட்டும் வைத்தார்கள். எனக்கு இறங்கவில்லை.

*

மறுநாள் காலையில் நெரவிப் பாதையில் திரும்பியதுமே பார்த்தேன். தென்னங்குருத்துத் தோரணம். வாழைமரம் கட்டிய வளைவு. பிரெஞ்சிலும் தமிழிலும் நல்வரவு எழுதிய துணி. வாய்க்கால் கரைக்குப் போனபோது கால் நின்றுவிட்டது.

வாய்க்கால் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஆகாயத்தாமரை ஒரு இலை இல்லை. கரை இரண்டிலும் புல் செதுக்கிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். இடிந்த மதகில் மிச்சம் நின்ற தூண்களுக்கு வெள்ளையடித்துக் காவிப் பட்டை தீட்டியிருந்தார்கள். வாய்க்கால் வாயில் மணலை ஆள் உயரத்துக்கு வெட்டித் திறந்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் சிரித்துக்கொண்டு கடலுக்குப் போனது.

விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கழுவித் துடைத்துக் கோலம் போடுகிறவர்கள் நாம். வீடு ஓட்டை என்று காட்டவே அவரை அழைத்திருக்கிறோம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அத்தான் சவரிநாதன் வேட்டி துவைத்துக் கட்டி, ரெனாருக்கு இளநீர் நீட்டினார். அவர் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். சுற்றி நின்ற எல்லார் கையும் அப்படித்தான் இருந்தது. ஊரே இறங்கி வெட்டியிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. ரெனார் இளநீரைத்தான் பார்த்தார்.

அவர் பையிலிருந்து விண்ணப்பத்தோடு வந்த படங்களை எடுத்தார். மணல் மூடிய வாய், குளம்போல நிற்கும் வயல். படத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் படங்கள் பழையவை போலிருக்கிறது" என்று என்னிடம் சொன்னார். நான் வெறும் குரல். உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"இவர்களிடம் கேளுங்கள். தண்ணீர் வடிவதில் சிரமம் இருக்கிறதா?"

கேட்டேன். எவ்வளவு அழுத்திக் கேட்க முடியுமோ அவ்வளவு அழுத்திக் கேட்டேன். கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தது. ஊர்ப் பெரியவர் அந்தோணிசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னே வந்தார்.

"அய்யா இவ்வளவு தூரம் நம்மள மதிச்சு வந்திருக்காங்க. அவங்க வந்ததே போதும். ஒரு குறையும் இல்லீங்க. இருந்து சாப்ட்டுட்டுத்தான் போவணும்."

என் வாயால் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை. "எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இருந்து சாப்பிட்டுப் போக வேண்டும்." சுந்தரேசன் திருப்தியாகத் தலையாட்டினார்.

ரெனார் விடவில்லை, நேராக அத்தானைப் பார்த்துக் கேட்டார். "உங்கள் வயலில்?"

அத்தான் என்னைப் பார்த்தார். சொல்லுங்க அத்தான், ரேஷன் அரிசியைச் சொல்லுங்க, தை மாதத்தைச் சொல்லுங்க என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் கும்பிட்டார். "ஒங்க புண்ணியத்துல நல்லாருக்கோம்ங்க."

பந்தலில் இலை போட்டார்கள். வஞ்சிர மீன் குழம்பு, இறால் வறுவல், கத்தரிக்காய்ப் பச்சடி, பூப்போல வெள்ளைச் சோறு. ரெனார் கையால் பிசைந்து சாப்பிட்டார். ஊர் அதைப் பார்த்துப் பூரித்தது. "அரிசி அருமையாக இருக்கிறது. இந்த வயலில் விளைந்ததா?" என்று கேட்டார்.

அத்தான் சோற்றுக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க."

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்" என்றேன். அது கடையில் வாங்கிய அரிசி என்று பந்தலில் எல்லாருக்கும் தெரியும், சாப்பிடுகிறவரைத் தவிர.

*

அடுத்த நாள் சனிக்கிழமை. காரைக்கால் அரசாங்க அலுவலகத்தில் கூட்டம். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிய சத்தத்தில் பாதிப் பேச்சு காணாமல் போனது, மீதிப் பாதியைப் பேசாமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கடன் எங்களிடமிருந்து டில்லிக்குப் போகும். டில்லி தன் நிபந்தனைகளோடு உங்களுக்குத் தரும். சரி. மதகு கட்டி முடிந்த பிறகு வருடா வருடம் அதைப் பராமரிக்கிற பணம் எங்கிருந்து வரும்?" என்றார் ரெனார்.

"வரவுசெலவுத் திட்டத்துல ஒதுக்கீடு செய்வோம்" என்றார் சுந்தரேசன்.

"எந்த வருமானத்திலிருந்து? அடுத்த மாநிலம் நாளைக்கு மதுவிலக்கை எடுத்துவிட்டால்?"

சுந்தரேசன் தண்ணீர் குடித்தார். "மத்திய அரசு மானியம் இருக்கு."

"அப்படியானால் மதகையும் அவர்கள் மானியத்திலேயே கட்டலாமே. நாங்கள் எதற்கு? நாங்கள் போன பிறகும் நிற்கிற வேலைக்குத்தான் நாங்கள் கடன் கொடுக்கிறோம். தேவையும் இருக்க வேண்டும், பார்த்துக்கொள்ள ஆளும் இருக்க வேண்டும். நேற்று நான் தேவையைப் பார்க்கவில்லை."

ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்தப் பக்கம் எடுத்துக் கொடுத்து, அந்தப் பக்கம் வாங்கி, என் தொண்டை வறண்டது. கூட்டம் கலைந்ததும் தாழ்வாரத்தில் சுந்தரேசனை மறித்தேன்.

"ஏன் சார் அப்படித் துடைச்சு வெக்கச் சொன்னீங்க? உள்ளது உள்ளபடி இருந்திருந்தா அவரே பாத்திருப்பாரே."

அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "என்ன மேடம் பேசுறீங்க? கடன் கேக்கப் போறப்ப கிழிஞ்ச சட்டையப் போட்டுக்கிட்டா போவாங்க? நம்ம ஒழுங்கா வெச்சிருக்கோம்னு தெரிஞ்சாத்தானே நம்பிக் கொடுப்பான்? சுத்தம் பண்ணுங்கன்னு நான் ஒரு வார்த்ததான் சொன்னேன். சுண்ணாம்பு, காவியெல்லாம் அவங்களா பண்ணது."

"அதையாவது இப்ப அவருகிட்ட சொல்லுங்க."

"ஒங்களுக்காக ஜோடிச்சு வெச்சோம்னு எப்படிச் சொல்றது? அரசாங்கத்தோட மானம் என்னாவறது?"

ரெனார் கோயில் பார்க்க விரும்பினார் என்பதால் மத்தியானம் திருநள்ளாறு. சனிக்கிழமைக் கூட்டம் தெரு முழுக்க. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத்தோடு வருகிறவர்கள், எள் தீபம் விற்கிறவர்கள். காதர் பாய் ஹாரனை அழுத்தியபடியே ஊர்ந்தார். இந்தச் சாமி என்ன செய்வார் என்று ரெனார் கேட்டார்.

"பிடித்தால் சில வருடம் பாடாய்ப் படுத்துவார். மரியாதையாக நடந்துகொண்டால் நல்லது செய்துவிட்டும் போவார்."

"எங்கள் நிறுவனம் மாதிரி" என்றார். அந்தப் பயணத்தில் அவர் அடித்த முதல் ஜோக். என்னால் சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் அடுத்து அவர் சொன்னது இது: "முடிவு எழுதிவிட்டேன். தேவை நிரூபிக்கப்படவில்லை. நாளைக்குக் கிளம்பலாம்."

வாய்வரை வந்தது. நான் சொல்லலாம். கொப்புளங்களைச் சொல்லலாம், அரிசியைச் சொல்லலாம். சொன்னால் அவர் முதலில் பார்க்கப்போவது அக்காவின் தங்கையை. இருந்த ஒரே கதவையும் நானே சாத்தியதாகிவிடும். பேசாமலிருந்தேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் பேசாமலிருந்ததில்லை.

சாயங்காலம் மழை பிடித்தது.

*

ஞாயிறு காலையில் பெட்டி கட்டும்போதுதான் ரெனாரின் கேமரா இல்லை என்று தெரிந்தது. பந்தலில் நாற்காலி முதுகில் மாட்டியதோடு சரி. வருகிறோம் என்று சொல்லியனுப்ப ஆளில்லை, நேரமும் இல்லை. சுந்தரேசனை எழுப்பாமலே கிளம்பினோம்.

மழை விடவில்லை. நெரவி தாண்டியதும் சாலை எது, வயல் எது என்று தெரியவில்லை. அம்பாசடர் ஒரு தடவை இருமி, தண்ணீருக்குள் நின்றது. காதர் பாய் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "இனி அல்லா விட்ட வழி. நடந்துடுங்க, நான் வண்டியோட இருக்கேன்."

ரெனார் பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு நடந்தார். தோரண வளைவு சாய்ந்து தண்ணீரில் கிடந்தது, நல்வரவுத் துணி வேலி முள்ளில் மாட்டியிருந்தது. அக்கா வீட்டு வாசலில் எதிரே வந்தவள் அக்காதான். புடவையை வரிந்து கட்டி, தலையில் சாக்கைக் கவிழ்த்து, இடுப்பில் கூடையோடு. எங்களைப் பார்த்ததும் அவள் முகம் கடுகடுத்தது.

"இப்ப எதுக்குடி வந்த, இந்த ஆள வேற இழுத்துக்கிட்டு?"

அந்தப் பயணத்தில் அவள் என்னை டி போட்டது அப்போதுதான். உள்ளே போய் உரப்பையில் சுற்றிய கேமராவைக் கொண்டுவந்து ரெனார் கையில் திணித்துவிட்டு, நின்று பேசாமல் கடல் பக்கம் ஓடினாள். ரெனார் அவள் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தார். நான் அவர் பின்னால்.

வாய்க்கால் வாய் இருந்த இடத்தில் மணல் மேடு. வெட்டிய சுவடே இல்லை. ராத்திரி முழுக்க அலை கொண்டுவந்து கொட்டி அடைத்துவிட்டிருந்தது. மேட்டுக்கு இந்தப் பக்கம் ஊரின் வயல் தண்ணீர் மொத்தமும் முட்டிக்கொண்டு நின்றது. ஆண்கள் மார்பளவு தண்ணீரில் மண்வெட்டியோடு, பெண்கள் வரிசையாக நின்று கூடை மாற்றிக்கொண்டு. இவர்கள் ஒரு பாகம் வெட்டினால் கடல் அரைப் பாகத்தைத் திருப்பி வைத்தது.

"யாரு அது, வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிறது? தள்ளிப் போவச் சொல்லு." அத்தான் குரல்.

"வழியை மறித்து நிற்கிறீர்கள், தள்ளிப் போகச் சொல்கிறார்" என்றேன்.

ரெனார் தள்ளி நின்றார். "கேளுங்கள். அன்றைக்கு இது திறந்திருந்ததே, எப்படி?"

நான் கேட்டேன். அத்தான் மண்வெட்டியை மணலில் குத்தி ஊன்றினார். முகத்தில் மழை வழிந்தது.

"எப்படியா? ஊரு பூரா கை வெந்து வெட்டுனோம். ஆபீசருங்க வந்து சுத்தம் பண்ணுன்னாங்க, பண்ணோம். வருஷா வருஷம் வெட்டுறோம், வருஷா வருஷம் மூடுது. ரெண்டு வருஷமா ஒரு நெல்லு வூட்டுக்கு வரல. அன்னிக்கு நல்லாருக்கு நல்லாருக்குன்னு தின்னாரே, அது கடையில கடனுக்கு வாங்குன அரிசி. நாங்க திங்கிறது ரேஷன் அரிசி. பயிரு இப்ப தண்ணிக்குள்ள கெடக்கு, இன்னிக்குள்ள வடியலன்னா இதுவும் போச்சு, நெலமும் போச்சு. படத்தப் பாத்துட்டுக் காரு ஏறிப் போற ஆளு இவரு. இவர நம்பி ஒக்காந்திருந்த நாங்க முட்டாப்பசங்க. நீ ஒருத்தி, எல்லாம் தெரிஞ்சும் பொம்ம மாதிரி நின்ன. கூடப்பொறந்தவளா நீ?"

நான் மொழிபெயர்த்தேன். கை வெந்ததை, அரிசியை, நிலத்தை. படம் பார்த்துவிட்டுக் கார் ஏறுகிற ஆளை. பொம்மையையும் விடவில்லை. ஒரு சொல் குறைக்கவில்லை.

ரெனார் மணல் மேட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேளுங்கள்."

அத்தான் அவரை விசித்திரமாகப் பார்த்தார். "வூட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட யாராவது மூக்கச் சிந்துவாங்களா? இன்னிக்கு யாரு ஒங்கள அழைச்சா?"

அதையும் சொன்னேன். ரெனார் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள், வரிசையில் நின்ற ஒரு பெண் நனைந்த மணல் கூடையை அவர் வயிற்றில் வைத்து அழுத்தினாள். "சும்மா நிக்காம புடிங்க." அவர் பிடித்தார். அடுத்து நின்றவளிடம் கொடுத்தார். கேமரா உரப்பைக்குள்ளேயே மணலில் கிடந்தது. நான் புடவையைச் செருகிக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என்னைப் பார்க்காமலே கூடையை நீட்டினாள்.

பொழுது சாயும் முன்பு கடல் கொஞ்சம் பின்வாங்கியபோது தண்ணீர் உடைத்துக்கொண்டு போனது. யாரும் கத்தவில்லை. கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். பள்ளத்து வயல்கள் போய்விட்டன, மேட்டுப் பயிர் தப்பியது. அக்கா வீட்டில் ரேஷன் அரிசிக் கஞ்சியும் கருவாட்டுத் துவையலும் கொடுத்தார்கள். ரெனாருக்கு நாற்காலி போட யாருக்கும் தெம்பில்லை. தரையில் உட்கார்ந்து குடித்தார். நான் அடுப்படி நிலைப்படியில்.

திரும்பி நடக்கும்போது ரெனார் கேட்டார். "நீங்கள் எதையும் சேர்க்கவில்லையே?"

"இல்லை. என்னைத் திட்டியதையும் சேர்த்துத்தான் சொன்னேன், கவனித்திருப்பீர்கள்."

"கவனித்தேன்" என்றார். விடுதிக்குப் போய் முன்பு எழுதியதைக் கிழித்தார். புதிதாக எழுதியதை என்னிடமே தட்டச்சு செய்யக் கொடுத்தார். தேவை நிரூபிக்கப்பட்டது. பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள், மதகைத் திறந்து மூடும் பொறுப்பு அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். பராமரிப்புக்கு அரசாங்கம் தனித் தலைப்பில் பணம் ஒதுக்கினால்தான் கடன். கடைசி நிபந்தனையைப் படித்துவிட்டுச் சுந்தரேசன் முனகினார். பிறகு, "இது டில்லிகிட்ட காட்டி வாங்குறதுக்கு எங்களுக்கும் ஒரு புடி" என்று பேனாவை மூடினார்.

*

அரசாங்கங்களின் வேகம் தெரிந்ததுதான். எங்கள் நிறுவனம் டில்லிக்கு எழுதி, டில்லி பாண்டிச்சேரிக்கு எழுதி, இன்னொரு மழைக்காலம் போயிற்று. அத்தான் ஒரு துண்டு நிலத்தைக் காதர் பாயின் மச்சானுக்கு விற்றுத்தான் அந்த வருடத்தைத் தள்ளினார். மிச்சம் நின்றது. அதற்கடுத்த ஐப்பசிக்கு முன் மதகு வந்தது.

மழைக்காலம் முடிந்து தை அறுப்பு நடந்தபோது ஒரு நாள் பாரிஸ் அலுவலகத்துக்குக் காரைக்கால் தபால் ஆபீசிலிருந்து டிரங்க் கால். அக்கா. என் மேசையருகே வந்து நின்ற ரெனார் காத்திருந்தார்.

"எப்படிக்கா இருக்கு மதகு?" என்று கேட்டேன். ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

"என்னத்தச் சொல்றது போ. ஷட்டரு சக்கரம் இப்பவே துரு புடிச்சுக் கெடக்கு, நாங்கதான் எண்ண போட்டுச் சுத்துறோம். கைப்புடிய ஒசரத்துல வெச்சிருக்கான், குள்ளமானவங்க தொங்கணும். கெழக்க மதகுக் கண்ணு ஒண்ணுல தண்ணி கசியுது. ஒங்க அத்தானும் அந்தோணிசாமி அண்ணனும் யாரு தெறக்குறதுன்னு தெனம் சண்ட. தண்ணி வடிஞ்சு என்ன, நெல்லு கொட்ட எடமில்லாம கூடம் பூரா மூட்ட, படுக்க முடியல. நீயாவது வந்து பாத்தியா? காகிதத்துல கையெழுத்து வாங்கறதோட ஒங்க வேல முடிஞ்சுதா?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. லைன் அறுந்து போகும்வரை திட்டு வாங்கினேன்.

ரெனார் கவலையாக என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

துரு, கைப்பிடி, கசிவு, சண்டை, மூட்டை, என் சோம்பேறித்தனம், எல்லாவற்றையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அவர் கடைசிவரை கேட்டார். முகம் மெல்லத் தெளிந்தது. "நல்லது" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.